மிலுதினின் மதுவும் நோவி சாட் பயணமும்

இவானித்சா ஊர் ஓய்வூதியர் சங்கத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். வழக்கம்தான், அதற்காகத்தானே சங்கம். பேருந்து பிடித்து நோவி சாட் நகருக்குப் போவது, டான்யூப் கரையில் மீன் குழம்பு சாப்பிடுவது, பக்கத்து மலையில் மதுக் கிடங்குகளை ஒரு கை பார்ப்பது என்று போன மாதமே முடிவாகியிருந்தது. எந்த நாள் என்பதில்தான் இழுபறி.

தலைவர் மிலுதின் மேசையைத் தட்டினார். "செப்டம்பர் கடைசி சனி. சரியா?"

"எனக்கு முடியாது. ஊறுகாய்க்குக் குடமிளகாய் சுடணும்" என்றாள் தெசங்கா.

"அடுத்த சனி?"

"அன்னிக்குச் சுட்ட மிளகாய்க்குத் தோல் உரிக்கணும்."

"அதுக்கும் அடுத்த சனி?"

"ஊர்ச் சாராயக் கொப்பரையில எனக்கு அன்னிக்குத்தான் முறை, தலைவரே. பிளம் ஊறல் காய்ச்சலைன்னா குளிர்காலத்துக்கு என்னத்தக் குடிக்கிறது?" என்றார் தலைவரின் பக்கத்து வீட்டுக்காரர் வித்தோமிர்.

"இன்னொண்ணு" என்று தெசங்கா எழுந்தாள். "எந்த நாளா இருந்தாலும் பஸ் ஜன்னலைத் திறக்கக் கூடாது. குறுக்குக் காத்து அடிச்சா எனக்குக் கழுத்து பிடிச்சுக்கும்."

இதில் மட்டும் மறுபேச்சே இல்லை. குறுக்குக் காற்று என்றால் எங்கள் ஆட்களுக்குக் குலை நடுக்கம். ஜன்னல் மூடியே இருக்கும் என்று தீர்மானம் நிறைவேறியது.

அப்புறம் வித்தோமிர் கூரையைப் பார்த்துக்கொண்டே மெல்லச் சொன்னார். "அக்டோபர் கடைசி சனி எப்படி?"

அறை முழுக்கக் கைகள் உயர்ந்தன. தெசங்கா இரண்டு கையையும் தூக்கினாள். அப்பாடா என்று மூச்சுவிட்ட மிலுதினுக்கு அடுத்த நொடி சுருக்கென்றது. அன்றைக்குப் புனித லூகா நாள். அவருடைய குடும்பப் புனிதரின் திருநாள்.

வருடா வருடம் அன்று சங்கமே அவர் வீட்டில்தான் இருக்கும். பிளம் விளையும் ஊரில் வீம்புக்குத் திராட்சைக் கொடி வளர்த்து, அவரே பிழிந்து வைத்த மதுவைப் பெருமையாக ஊற்றுவார். யார் கோப்பையிலும் சொட்டு மிஞ்சாது. அந்தக் காலிக் கோப்பைகளை நினைத்தே அவர் அடுத்த வருடத்தை ஓட்டுவார். தான் மட்டும் தொடமாட்டார். நெஞ்சு கரிக்கும் என்று அவருக்குப் பிளம் சாராயம்தான்.

"அன்னிக்கு என் வீட்டுக்கு வாங்க" என்று வாய்விட்டுச் சொல்லவும் வழியில்லை. குடும்பப் புனிதர் நாளுக்கு யாரையும் அழைப்பது எங்களிடம் கிடையாது. விருந்தாளி தானாக வரவேண்டும். மிலுதின் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்து மனைவி கொசானாவிடம் பொங்கினார்.

"எல்லாரும் மறந்துட்டாங்க கொசானா!"

"மறக்கலைய்யா. ஞாபகம் வெச்சுத்தான் கையத் தூக்கியிருக்காங்க."

"ஏன்?"

"நம்ம கூடத்துல இருக்கிற அரளிச் செடி ஏன் வருஷா வருஷம் பட்டுப்போகுது?"

"பனியில."

"வீட்டுக்குள்ள ஏதுய்யா பனி?"

மிலுதின் தொட்டியைப் பார்த்தார், காய்ந்த குச்சியைப் பார்த்தார். அவருக்கு அழுகையே வந்துவிட்டது. அத்தனை வருடமும் விருந்தாளிகள் கோப்பையும் கையுமாக அந்தச் செடியைச் சுற்றியே நின்று பேசியது, பாவம், இப்போதுதான் அவருக்கு உறைத்தது. லூகா நாளில் யாரும் வராத வீட்டில் புனிதருக்கு ஏற்றிய மெழுகுவத்தியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதா? அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. காலையில் எழுந்தபோது முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. கொசானாவுக்கு அது பிடிக்கவே இல்லை.

லூகா நாளும் வந்தது. பேருந்துக் கதவு திறந்ததும் எல்லாருக்கும் திக்கென்றது. உள்ளே மிலுதின் கோட்டு போட்டுக்கொண்டு நடைவழியில் நின்றார். முன்சீட்டில் கொசானா, மடியில் திருநாளுக்குச் சுட்ட ரொட்டி. காலடியில் பிரம்பு பின்னிய இரண்டு பெரிய குடுவைகள் நிறைய வீட்டு மது.

"நான் யாரையும் கூப்பிடலைப்பா, நீங்களாத்தான் வந்திருக்கீங்க. உள்ள வாங்க, உள்ள வாங்க!" என்றார் மிலுதின்.

வேறு வழி? கட்டிப்பிடித்து வாழ்த்துச் சொல்லிவிட்டுக் கோப்பையை வாங்கினார்கள். முறைப்படி வீட்டுக்காரர் உட்காராமல் நின்றே ஊற்றினார். வித்தோமிர் காலுக்கடியில் தொட்டி தேடினார், இல்லை. தெசங்காவின் கை ஜன்னல் பக்கம் போனது.

"அக்கா, கழுத்து!" என்றார் மிலுதின் கனிவாக. "தீர்மானம் போட்டிருக்கோம்ல?"

குடித்தார்கள். ஒருத்தர் முகமும் பார்க்கும்படி இல்லை. ஆனாலும் ஒருத்தர்கூடக் குறை சொல்லவில்லை. திருநாள் வீட்டில் அப்படிச் சொல்வார்களா? கண்ணில் நீர் வழிய அவருடைய புனிதருக்காகப் பாடினார்கள். மிலுதினுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

"தலைவரே, நீங்களும் ஒரு வாய்!" என்று வித்தோமிர் ஒரு கோப்பையை நீட்டினார்.

இத்தனை பேர் பாடியபின் மறுக்க முடியுமா? மிலுதின் ஒரே மடக்கில் விழுங்கினார். காது சிவந்தது. மூச்சு நின்று திரும்ப வந்தது. அவர் கண்கள் தாமாகவே ஒரு அரளிச் செடியைத் தேடின.

"ஜன்னலைத் திறங்கப்பா" என்றார்.

முதலில் எழுந்து திறந்தவள் தெசங்காதான்.