செவலையின் கழுத்துச் சாவி

நாயின் கழுத்தில் வீட்டுச் சாவியைக் கட்டிவிடுவது புத்திசாலித்தனமா, கிறுக்குத்தனமா என்று கேட்டால், அன்று சாயங்காலம் ஐந்து மணி வரைக்கும் யுவராணி புத்திசாலித்தனம் என்றுதான் சொல்லியிருப்பாள். புல்லறுக்கப் போன இடத்தில் இரண்டு தடவை சாவியைத் தொலைத்துப் புருஷன் விஜய்பாண்டியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள் அவள். செவலையோ அவள் காலைவிட்டு நகராத நாய். அதன் கழுத்துப் பட்டையில் கை வைக்க எவனுக்குத் துணிச்சல் வரும்? கோம்பை ஊர்க்காரர்களுக்குத் தங்கள் நாயின் மேல் இருக்கிற நம்பிக்கை பேங்க் லாக்கர் மேல்கூடக் கிடையாது.

அன்றும் வழக்கம்போலப் பாலைக் கறந்தாள். அடுப்பில் கொள்ளு வேகப்போட்டுத் தீயைக் குறைத்தாள். கதவைப் பூட்டி, சாவியைச் செவலையின் பட்டையில் மாட்டிவிட்டுப் பால் சொசைட்டிக்குப் போனாள். போக வரப் பத்து நிமிஷம். அன்றைக்குப் பார்த்துப் பால் வண்டி வரவில்லை. இப்போது வந்துவிடும், இப்போது வந்துவிடும் என்று முக்கால் மணி நேரம் நின்றாள். திரும்பி வரும்போது கரட்டுக் குன்றிலிருந்து இறங்கிய முயல் ஒன்று குறுக்கே ஓடியது. அவ்வளவுதான். செவலை சாவியோடு கரட்டைப் பார்த்துப் பறந்துவிட்டது.

தொண்டை வறளக் கூப்பிட்டுப் பார்த்தாள். முயலைக் கண்ட கோம்பை நாய்க்கு மகாராணி கூப்பிட்டாலும் காது கேட்காது, யுவராணி எம்மாத்திரம்?

வீட்டு வாசலுக்கு ஓடி வந்து பூட்டை இழுத்துப் பார்த்தாள். பூட்டிய வீடு காலி வீடு அல்ல. உள்ளே மாமனார் கோட்டைச்சாமி இருந்தார்.

அவருக்கு ஞாபகம் தப்பிப்போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. இரண்டு மாதம் முன்னால் மெயின் ரோட்டுக்கு நடந்துபோய்ப் பஸ்ஸுக்குக் குறுக்கே நின்றுவிட்டார். டிரைவர் பிரேக் போட்டதால் பிழைத்தார். அன்றிலிருந்து பால் ஊற்றப் போகிற அந்தப் பத்து நிமிஷத்துக்கு மட்டும் யுவராணி அவரை உள்ளே வைத்துப் பூட்டுகிறாள். இது தெருவில் யாருக்கும் தெரியாது என்பது அவள் நினைப்பு. ஜெயமங்கலத்தில் கட்டிக்கொடுத்திருக்கும் நாத்தனார் மாயக்காள் போன தடவை வந்தபோது விரலை நீட்டிச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்:

"எங்கய்யாவ உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போறேன்னு ஒரு சொல்லு எங் காதுல விழட்டும். அன்னைக்கே கூட்டிட்டுப் போயிருவேன். போறப்ப ஊரைக் கூட்டி நாலு கேள்வி கேட்டுட்டுத்தேன் போவேன்."

இன்னொரு சாவி விஜய்பாண்டியிடம் இருக்கிறது. அவன் ஏலக்காய்த் தோட்டத்து ஆட்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மலைமேல் போயிருந்தான். போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்றது. ஏழு மணிக்கு முன்னால் அவன் இறங்க மாட்டான்.

அடுப்படி ஜன்னல் பக்கம் போய் மோந்து பார்த்தாள். கொள்ளு அடிப்பிடிக்கிற வாடை லேசாக வந்தது.

பானை போனால் போகட்டும். ஆனால் வாடை அடித்தால் கோட்டைச்சாமி அடுப்படிக்கு எழுந்து போவார். போன மாதம் பால் பொங்குகிறது என்று தோளில் கிடந்த துண்டாலேயே சட்டியை இறக்கப் போய்த் துண்டில் தீப்பிடித்துக்கொண்டது. அன்று அவள் பக்கத்தில் இருந்தாள். தண்ணீரை ஊற்றி அணைத்தாள். இன்று அவளுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு தேக்குக் கதவு.

அவரைக் கூப்பிடலாம். ஆனால் பூட்டிய கதவுக்கு வெளியே குரல் கேட்டால் அவர் கதவை இடித்துக் கத்துவார், தெருவே கூடும். சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம். எட்டிப் பார்த்தாள். பக்கத்து வீட்டு மொக்கம்மாள் மாடியில் மிளகாய் அள்ளிக்கொண்டிருந்தாள். மாயக்காளோடு தினம் போன் பேசுகிறவள்.

யுவராணி சத்தமில்லாமல் படியில் உட்கார்ந்து தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவினாள். கொண்டை ஊசியை வைத்து ஒருவன் ஐந்து செகண்டில் பூட்டைத் திறப்பதை அவள் போனில் பார்த்திருக்கிறாள். அவன் திறந்தது சூட்கேஸுக்குப் போடுகிற சின்னப் பூட்டு. இது விஜய்பாண்டி திண்டுக்கல்லுக்கே போய் வாங்கி வந்த பித்தளைப் பூட்டு, கையில் எடுத்தால் படிக்கல் கனம் கனக்கும். ஊசி உள்ளே போய் வளைந்துகொண்டு வந்தது. இரண்டாவது ஊசி உடைந்தே போனது. தாலிக்கொடியில் கிடந்த ஊக்கைக் கழற்றி நிமிர்த்தினாள். சாமியை வேண்டிக்கொண்டு அதையும் விட்டாள். அதுவும் வளைந்தது. அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பார்கள், சாவித் துவாரத்துக்குள் எங்கே நுழையும்?

"என்ன யுவராணி, வாசப்படியில உக்காந்து என்ன பண்ணுற?" மாடியிலிருந்து மொக்கம்மாள்.

"கொலுசுத் திருகாணி விழுந்துருச்சு மதினி. தேடுறேன்."

"ஏதோ தீயிற வாடை வருதே?"

"எங்க வீட்டுல இல்ல மதினி."

சொன்ன வாயை அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. அந்த ஒரு நிமிஷத்தில் அவள் உண்மையைச் சொல்லியிருந்தால் சிக்கல் அங்கேயே தீர்ந்திருக்கும். மொக்கம்மாள் மிளகாய்ச் சாக்கோடு உள்ளே போய்விட்டாள்.

மாட்டுக் கொட்டத்துக்கு ஓடினாள். சுத்தியல், குறடு எல்லாம் வீட்டுக்குள். கொட்டத்தில் கிடைத்தவை ஒரு ஓட்டைக் குடையும், திராட்சைப் பந்தலுக்குக் கட்டி மிஞ்சிய கம்பித் துண்டும்தான். குடைக்கம்பி ஒன்றைப் பிய்த்து, துவைக்கிற கல்லில் வைத்துக் குழவியால் நுனியைத் தட்டித் தட்டித் தட்டையாக்கினாள். சாவியின் பல் இருக்கிற இடத்தை மனதில் வைத்துக்கொண்டு, தண்ணீர்க் குழாய் வாயில் செருகி நுனியை மடக்கினாள். பந்தல் கம்பியையும் அப்படியே வளைத்தாள். ஒன்று தூக்கிப் பிடிக்க, ஒன்று திருப்ப. பார்க்கத் திருட்டுச் சாமான் மாதிரியே இருந்தன.

திரும்பி வந்தபோது வாடை தெருவுக்கே அடித்தது. கதவிடுக்கில் புகை தெரிந்தது. யுவராணிக்கு அழுகை முட்டியது. கம்பிகளைத் துவாரத்தில் விட்டு நெம்பினாள். விரல் கிழிந்து பித்தளையில் ரத்தம் பட்டது. 'மாமா, அடுப்படிக்குப் போயிராதீக, போயிராதீக' என்று உதட்டுக்குள்ளேயே சொல்லிக்கொண்டு நோண்டினாள். உள்ளே ஏதோ ஒன்று ஏறியது, நழுவியது, மறுபடி ஏறியது. பந்தல் கம்பியைப் பல்லைக் கடித்துத் திருப்பினாள். எப்படி என்று இன்றைக்கும் அவளுக்குத் தெரியாது, பூட்டு வாயைப் பிளந்துவிட்டது.

நாதாங்கியை விலக்கிக் கதவைத் தள்ளினாள். கதவு அசையவில்லை. உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது. ஒரு வருஷமாகச் சட்டைப் பொத்தான்கூடப் போடத் தெரியாத மனுஷன் தாழ்ப்பாள் போட்டிருக்கிறார்.

"யாருலே அது?" கதவுக்கு அந்தப் பக்கம், கை எட்டுகிற தூரத்தில், கோட்டைச்சாமியின் குரல். "அப்பயிருந்து நோண்டிக்கிட்டு இருக்க. அருவா வச்சிருக்கேன், உள்ள வந்தே, வெட்டிப்புடுவேன்."

"மாமா, நாந்தேன், யுவராணி!"

"எங்கிட்டயே கதை விடுறியா? எம் மருமக சாவி போட்டுத் தொறப்பா, உன்னய மாதிரி நோண்ட மாட்டா. ஓடிப் போயிரு. அவ நாயோட வந்தான்னா நீ தப்ப முடியாது."

சொல்லி முடிக்கும் முன் அவருக்கு இருமல் வந்துவிட்டது. விட்டு விட்டு, மூச்சு இழுக்கிற இருமல். அதைக் கேட்டதும் யுவராணிக்கு மானம், நாத்தனார், ஊர் எல்லாம் மறந்துபோனது. தெரு நடுவில் நின்று கத்தினாள்.

"மொக்கம்மா மதினி! ஓடியாங்க! மாமா உள்ள இருக்காக! நாந்தேன் பூட்டிட்டுப் போனேன்!"

மொக்கம்மாள் கடப்பாரையோடு வந்தாள், அவள் பின்னால் நாலைந்து பேர். கடப்பாரையை நிலையில் வைக்கும் நேரத்தில் கூட்டத்தின் கால்களுக்கு நடுவே புகுந்து வந்தது செவலை. வாயில் ஒரு முயல் ரோமமும் இல்லை, உடம்பெல்லாம் முள். கதவைப் பிறாண்டி ஒரு குரல் குரைத்தது.

உள்ளே இருமல் நின்றது.

"செவலையா?"

தாழ்ப்பாள் விலகியது.

யுவராணி புகைக்குள் பாய்ந்து அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள். கோட்டைச்சாமி அருவாளைப் பிடித்தபடி கதவோரம் நின்றார். அவர் உட்கார்ந்திருந்த முக்காலியும் அங்கேயே இருந்தது. அவள் நோண்டிய நேரம் முழுக்க அவர் அடுப்படிப் பக்கமே போகவில்லை. திருடனுக்குக் காவல் இருந்திருக்கிறார்.

"பூட்டிட்டுப் போறது தெருவுக்கே தெரியும்டி," என்றாள் மொக்கம்மாள், அவருக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வந்து உக்காந்திருக்க மாட்டேனா?"

யுவராணி தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் பால் கறந்ததும் பூட்டைத் தொடவில்லை. இனி பூட்டுவதில்லை என்று ராத்திரியே முடிவு செய்திருந்தாள். மொக்கம்மாளும் வந்து முற்றத்தில் உட்கார்ந்துவிட்டாள். கேனைத் தூக்கும்போது கோட்டைச்சாமி எழுந்து வந்தார். மாடத்தில் இருந்த பூட்டை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"பூட்டிட்டுப் போ ஆத்தா. நேத்து ஒருத்தன் வந்து நோண்டுனான்."

அவள் கேனைத் திரும்பக் கீழே வைத்தாள். "நேத்து வந்தது நாந்தேன் மாமா."

கோட்டைச்சாமி சிரித்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவர் சிரித்துப் பார்த்தாள்.

"நீ எதுக்கு ஆத்தா நோண்டப் போற? சாவிதேன் உங்கிட்ட இருக்கே."

யுவராணி குனிந்து செவலையின் பட்டையிலிருந்து சாவியைக் கழற்றினாள். அவர் கையை விரித்து, அதில் வைத்து விரல்களை மூடிவிட்டு, கதவைப் பூட்டாமலே பால் கேனைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.