பதின்மூன்றாம் தொகுதி

"போர்வையோட சேத்துத் தூக்கு. கால் பக்கம் நீ புடி," என்றான் அண்ணன்.

பிடித்தாள். அப்பா எடையே இல்லாமல் எழும்பினார். கட்டிலிலிருந்து கூடத்துப் பெஞ்சுக்குப் போகும் வழியில் தட்டச்சு மேசை நின்றது. அண்ணன் அதை இடுப்பால் தள்ளினான். இயந்திரத்தின் மணி ஒரு முறை அடித்தது.

"செத்த பிறகும் இதைச் சுத்திக்கிட்டுத்தான் போகணுமா?"

அவள் மேசையைச் சுற்றி நடந்தாள். உருளையில் காலையில் செருகிய தாள் அப்படியே இருந்தது.

வெள்ளைக்காரன் காலத்தில் தலைவரின் கூட்டங்களுக்கெல்லாம் போய், மேடைக்குக் கீழே உட்கார்ந்து, பேசியதைச் சுருக்கெழுத்தில் எடுத்தவர் அப்பா. தலைவரின் எழுத்தும் பேச்சும் பன்னிரண்டு தொகுதிகளாக வந்துவிட்டன. பதின்மூன்றாவதுக்குக் கைதாவதற்கு முந்தைய கடைசிப் பேச்சு மட்டும் பாக்கி. அந்தச் சுருக்கெழுத்தோ, வேகத்துக்காக அப்பா தாமே உண்டாக்கிக்கொண்ட குறிகள். வேறு யாராலும் வாசிக்க முடியாது. நுரையீரல் கெட்ட பிறகு, பேசவே கூடாது என்றார் டாக்டர். ஆனாலும் படுத்தபடியே பழைய நோட்டைப் பார்த்து அப்பா வாசித்தார். அவள் அடித்தாள்.

"நாம பிள்ளைங்களாப் பொறந்தது தப்பு," என்பான் அண்ணன். "தலைவர் பேச்சாப் பொறந்திருக்கணும். தும்மினாக்கூட எழுதி வச்சிருப்பாரு."

மேசை சுவரைப் பார்த்துப் போட்டிருந்தது. அப்பாவுக்கு அவள் முதுகுதான் தெரியும். திரும்பிப் பார்க்கத் தேவை இருக்கவில்லை. மொழியே காட்டிக்கொடுத்துவிடும். 'வேண்டும்' என்றால் தலைவர். 'வேணும்' என்றால் அப்பா. "நண்பர்களே" என்று வந்தால் அடிப்பாள். "தண்ணி குடு பாப்பா" என்று வந்தால் எழுந்து போவாள். ஐம்பது தாண்டியும் அவள் பாப்பாதான்.

இன்று காலையும் அப்படித்தான்.

"நாளை இந்த மேடையில் நான் இருக்க மாட்டேன்."

அடித்தாள்.

"எனக்காக யாரும் கடையை அடைக்க வேண்டாம்."

அடித்தாள். பின்னால் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. எதுவோ டப்பென்று மூடியது. ஆக்சிஜன் உருளையின் மூடியாக இருக்கும் என்று நினைத்தாள். பிறகு குரல் வந்தது.

"பயமாக இருக்கிறது."

அடித்தாள். முற்றுப்புள்ளி வைத்துவிட்டு அடுத்த வாக்கியத்துக்குக் காத்திருந்தாள். நெடுநேரம் காத்திருந்தாள்.

பதிப்பாசிரியர் மாலையோடு வந்தார். அப்பாவின் காலடியில் நிற்க வேண்டிய நேரம் நின்றார். பிறகு அவர் கண் மேசைக்குப் போனது.

"முடிச்சுட்டாராம்மா?"

"இல்ல சார். பாதியிலயே..."

அவர் குனிந்து வாசித்தார். இன்னொரு முறை வாசித்தார். நிமிர்ந்தார்.

"பயப்படாதேன்னு நூறு எடத்துல சொல்லியிருக்காரும்மா. பயமா இருக்குன்னு ஒரு எடத்துலகூட இல்ல. தொகுதியையே இந்த வரியில முடிச்சுடலாம்." குரலைத் தாழ்த்தினார். "தலைவர் சொன்னதுதானே இது? அப்பா தனக்காகச் சொன்னது இல்லையே?"

"அப்பாவா இருந்தா 'பயமா இருக்கு'ன்னுதான் சார் சொல்லியிருப்பாரு."

"அதானே!"

சொன்னதும் அவளுக்கு மூச்சு கொஞ்சம் இலகுவாக வந்தது.

அண்ணன் கட்டிலைக் கழற்றிக்கொண்டிருந்தான். கையில் எதையோ எடுத்துக்கொண்டு வந்தான்.

"தலகாணிக்கு அடியில இருந்துச்சு. மாட்டி விட்டுடு. கண்ணாடி இல்லாம யாரோ மாதிரி இருக்காரு."

கண்ணாடிக் கூடு. திறந்தாள். கண்ணாடி மடக்கி, துடைக்கும் துணியில் சுற்றி வைத்திருந்தது. மூடினாள்.

டப்.

மறுபடி திறந்து மூடினாள். காலையில் பின்னால் கேட்ட அதே சத்தம்.

கண்ணாடி இல்லாமல் அப்பாவுக்குத் தன் கைரேகைகூடத் தெரியாது. ஆனால் காலையெல்லாம் தலைவரின் மொழியில் பேசிக்கொண்டிருந்த வாய் அது.

இயந்திரத்திலிருந்து தாளை உருவினாள். கடைசி வரிக்கு மேலே அளவுகோலை அழுத்திக் கிழித்தாள். மேல் பக்கத்தைப் பதிப்பாசிரியரிடம் நீட்டினாள்.

"ஐயோ, என்னம்மா பண்ற?"

"தலைவர் பேச்சு இதுவரைக்கும்தான் சார்."

"அந்த வரி?"

"அது வீட்டுப் பேச்சு."

அவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கட்டில் சட்டத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டிருந்தான்.

"வழி விடுங்க சார்," என்றான்.

அவர் போன பிறகு, சுவரோரம் கிடந்த முக்காலியைத் தூக்கி வந்து அப்பாவின் முகத்துக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தாள். கண்ணாடியை மாட்டிவிட்டாள். ஒரு பக்கம் காதில் நிற்கவில்லை. சரிசெய்தாள்.

கூடு காலியாக மடியில் திறந்து கிடந்தது. அவள் அதை மூடவில்லை.