கிணற்றில் அரைப்பங்கு

சுண்டிக்குளியில் வீடு வாங்கப்போகிறேன் என்று சொன்னபோது, என்னோடு படிப்பிக்கிறவர்கள் விலையைக் கேட்கவில்லை. "அங்கை ஆர் உங்களுக்கு வீடு விப்பினம்?" என்றுதான் கேட்டார்கள். அந்த 'உங்களுக்கு' என்பதற்குள் என் பட்டமும் சம்பளமும் இல்லை. சாதி மட்டும் இருந்தது.

விற்க முன்வந்தவர் பியாட்றிஸ் ரீச்சர். மிஷன் பள்ளியொன்றில் முப்பது வருடம் கணக்குப் படிப்பித்து ஓய்வுபெற்றவர், கலியாணம் கட்டாதவர். தகப்பன் வீட்டை நடுச்சுவர் வைத்துப் பிரித்து, முன்பாதியை மகன் கிருபைரட்ணத்துக்கும் பின்பாதியை மகளுக்கும் எழுதியிருந்தார். பின்பாதியை விற்றுவிட்டுத் தம்பி வீட்டில் ஓர் அறையில் இருப்பதாக ரீச்சர் ஏற்பாடு செய்திருந்தார். அது 1986. கோட்டையிலிருந்த இராணுவம் ஷெல் அடித்துக்கொண்டிருந்தது. வசதியுள்ளவர்கள் லண்டனுக்கும் கனடாவுக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். அதனால்தான் ஓர் உதவி ஆசிரியையின் வங்கிக் கடனுக்கு எட்டும் விலையில் அந்த ஒழுங்கையில் ஒரு வீடு வந்தது.

என்ன ஒழுங்கை அது! இரண்டு பக்கமும் வேம்பும் மகோகனியும் மேலே கைகோத்து நின்றன. உச்சி வெயிலில் சைக்கிளில் போனாலும் தலை சுடாது. ஒருவரும் ஒருவரைக் கூப்பிட்டுக் கத்துவதில்லை. வீட்டில் இரண்டு அறை, ஒரு விறாந்தை, புகைபோக்கி வைத்த குசினி, பின்வளவில் ஒரு கறுத்தக்கொழும்பான் மாமரம். முதல்நாள் பார்த்தபோது என் வாயிலிருந்து ஒரு குறைகூட வரவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று விளங்கும்.

ஆனால் நான் விழுந்தது கிணற்றில். இரண்டு பாதிக்கும் பொதுவாக வீட்டின் பக்கவாட்டில் இருந்த, கல்லால் கட்டிய கிணறு. என் அம்மா சின்னத்தங்கம் சண்டிலிப்பாயில் புகையிலைத் தோட்டங்களில் கூலிக்கு நின்றவர். குடிதண்ணீருக்கு அடுத்தவர் கிணற்றடியில் குடத்தை வைத்துவிட்டுத் தள்ளி நிற்பார். யாராவது மனம் வைத்து அள்ளி ஊற்றினால் தண்ணீர், இல்லாவிட்டால் வெறுங்குடம். எனக்கு வீடு இரண்டாவதுதான். அம்மா தன் கையால் அள்ளலாம் என்று உறுதிப் பத்திரத்தில் எழுதப்பட்ட ஒரு கிணறுதான் முதலாவது.

எங்கள் பக்கத்துச் சட்டப்படி விற்பவரின் உடன்பிறப்புக்கு வாங்கும் முதல் உரிமை உண்டு. கிருபைரட்ணம் தனக்கு வேண்டாமென்று முன்பே கையெழுத்துப் போட்டிருந்தார். வாங்குவது யாரென்று அப்போது அவர் விசாரிக்கவில்லை. பிறகு விசாரித்திருக்கிறார்.

கையெழுத்து வைக்கிற நாள், பத்திரம் எழுதும் நொத்தாரிசு அருளம்பலத்தாரின் மேல்மாடிக் கந்தோருக்குப் போனோம். அம்மா சுவரோரம் கிடந்த மரவாங்கில் உட்கார்ந்திருந்தார். சாட்சிக் கையெழுத்துக்கென்று கிருபைரட்ணமும் வந்திருந்தார். நான் உறுதியை வாங்கி வாசித்தேன். வீடு இருந்தது, காணி இருந்தது, மாமரம்கூட இருந்தது. கிணறு இல்லை.

"கிணத்துப் பங்கு எங்கை?"

நொத்தாரிசு மைக்கூட்டைப் பார்த்தார். கிருபைரட்ணம்தான் பதில் சொன்னார்.

"பிள்ளை, தண்ணிக்கு ஏன் பயப்பிடுறீர்? எங்கடை வேலைக்காரி அள்ளி ஊத்துவாள். நாங்கள் என்ன, தண்ணி இல்லையெண்டோ சொல்லப்போறம்?"

"பெரிய உபகாரம் ஐயா. உதுக்கு நான் ஏன் வீடு வாங்கவேணும்? சண்டிலிப்பாயிலை சும்மாவே கிடைக்குது."

உறுதியை மேசையில் எறிந்தேன். பியாட்றிஸ் ரீச்சரும் சேர்ந்துதான் இதைச் செய்திருக்கிறார் என்று நினைத்தேன். சொல்லியும் விட்டேன். "நல்லாக் கணக்குப் படிப்பிச்சிருக்கிறியள், ரீச்சர்."

ரீச்சர் மேசைப் பக்கம் குனிந்தார். உறுதியை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார்.

"அருளம்பலம், அப்பா எனக்கு எழுதின உறுதியிலை கடைசி வசனத்தை வாசியும்."

"கிணற்றில் அரைப்பங்கும், அதற்குப் போய்வரும் வழியும்..."

"உதிலை அது எங்கை? ஆவியாப் போச்சோ?"

"இல்லை ரீச்சர், ஐயாதான் சொன்னவர்..."

"காணி ஐயாவின்ரையோ?"

கிருபைரட்ணம் எழும்பினார். "அக்கா, உவையள் கிணத்திலை வாளி போட்டால் பிறகு நாங்கள் என்னெண்டு குடிக்கிறது?"

"குடியாதை. சோடா வாங்கிக் குடி."

"அப்ப என்ரை வீட்டுப் படி ஏறாதை. அறையும் இல்லை, சோறும் இல்லை."

ரீச்சர் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தார். அறுபத்தாறு வயது. போக வேறு இடம் இல்லை. அது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். துடைத்து முடித்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சொன்னார்:

"அருளம்பலம், எழுதும். அரைப்பங்கு எண்டு வடிவா எழுதும்."

யாரையும் லேசில் மெச்சாதவள் நான். அன்றைக்கு மெச்சினேன். கோபத்தில் சொன்ன சொல்லுக்கு மன்னிப்புக் கேட்கவும் தெரியாமல் நின்றேன்.

நொத்தாரிசு அந்த வசனத்தைச் சேர்த்து எழுத, கிருபைரட்ணம் படியிறங்கிப் போய்விட்டார். ஒரு சாட்சி குறைந்தது. கீழே சைக்கிள் கடை யாகோப்பைக் கூட்டிவந்தோம். ரீச்சரைத் தெரிந்தவன், கையிலிருந்த கிறீசைச் சாரத்தில் துடைத்தபடி வந்தான்.

"ரீச்சர், எழுத்துப் பிழை வந்தால் அடிப்பியளோ?"

"பேரைப் பிழையா எழுதுவியோடா? எழுது."

எழுதினான். ரீச்சரும் நானும் கையெழுத்து வைத்தோம்.

"ரீச்சர்," என்றேன். "இரண்டு அறை இருக்கு. ஒண்டிலை நீங்கள் இருங்கோ."

"இரக்கப்பட்டோ?"

"இல்லை. பள்ளிக்கூடம் போனால் அம்மா தனிய. கதைக்க ஆள் வேணும்."

"நான் ஞாயிற்றுக்கிழமையிலை மாட்டிறைச்சி காய்ச்சுவன். நீங்கள் சைவம்."

அம்மா அப்போதுதான் முதன்முறையாக வாய் திறந்தார். "வேறை சட்டியிலை காய்ச்சுங்கோ ரீச்சர். யன்னலைத் திறந்து விடுங்கோ." பிறகு வாங்கிலிருந்து எழும்பி மேசைக்குக் கிட்ட வந்தார். "அது கிடக்கட்டும். உந்தக் கிணறு நல்ல தண்ணியோ, உப்புச் சவரோ?"

பட்டதாரி நான் அதைக் கேட்கவே இல்லை.

ரீச்சர் ஒளிக்கவில்லை. "பங்குனி வரைக்கும் கற்கண்டு மாதிரி. சித்திரை பிறந்தால் கொஞ்சம் சவர்க்கும்."

சித்திரைக்கு இன்னும் எத்தனை மாதம் என்று அம்மா விரல் விட்டு எண்ணினார்.

"அப்ப ஏன் சுணங்குறியள்? நாளைக்கே குடி போவம்."