பென்ரோஸ் வீட்டுக் கல்லறை

“ரெண்டு பேரும் அண்ணன் தம்பின்னு ஒரு பேப்பர் வேணும்மா. அது ஒண்ணுதான் இடிக்குது” என்று சொல்லிவிட்டு, கல்லறைத் தோட்டக் கமிட்டிச் செயலாளர் தேவாசீர் ஃபைலை ஜோசலின் பக்கம் திருப்பி வைத்தார்.

மணி பத்தரை. சேலையூர் வீட்டில் அப்பா ஐஸ் பெட்டிக்குள் இருந்தார். நாலு மணிக்கு அடக்கம். எங்கே என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.

பழைய தோட்டம் நிரம்பி வருஷக்கணக்காகிறது. ஏற்கெனவே குடும்பக் கல்லறை இருப்பவர்கள் மட்டும் அதைத் திறந்து அடக்கம் செய்யலாம். மற்றவர்களுக்கு வண்டலூர் தாண்டிப் புது மைதானம். அங்கே பதினாலு வருஷம் ஆனால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். பழைய தோட்டத்தின் வேப்பமரத்தடியில் ‘ஐசக் பென்ரோஸ், 1931’ என்று ஒரு கல் இருக்கிறது. அதில்தான் தன்னை வைக்க வேண்டும் என்று அப்பா சுவிசேஷமுத்து பென்ரோஸ் இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வெறுமனே சொல்லவில்லை. ரயில்வேயில் ஓய்வு பெற்ற மறுநாளே அந்த ஒரு பெயரைத் துரத்த ஆரம்பித்தார். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் என்று சபை சபையாகப் பழைய பதிவேடுகளைத் தேடிப் போனார். ‘துரை வீட்டுப் பரம்பரை கெடைச்சுதா?’ என்று சொந்தக்காரர்கள் கிண்டலடித்தபோதும் விடவில்லை.

“எங்க ஆபீஸ் ரெஜிஸ்டரை எலிக்கு அப்புறம் அதிகமா மேஞ்சது உங்கப்பாதான்” என்றார் தேவாசீர். “அவரோட தாத்தா மத்தேயு பென்ரோஸ் வரைக்கும் பக்காவா வெச்சிருக்கார். மத்தேயுவுக்கு ஐசக் அண்ணன்னு வம்ச மரமும் போட்டிருக்கார். அதுக்கு மட்டும் ஆதாரம் இல்ல. ஃபைல்லயே எங்கயாவது இருக்கும், பாரு.”

அவருக்கு ஒரு போன் வந்தது. பேசிக்கொண்டே வெளியே போனார்.

ஜோசலின் புரட்டினாள். ‘ஃபைலை கமிட்டிகிட்ட குடு. முழுசா குடு’ என்று போன வாரம் ஆஸ்பத்திரியில் அப்பா சொல்லியிருந்தார். முழுசாக என்று ஏன் சொன்னார் என்று அப்போது அவள் யோசிக்கவில்லை.

பின்னட்டை உறைக்குள் நாலாக மடித்த ஒரு ஜெராக்ஸ் இருந்தது. அனாதை விடுதிப் பதிவேடு, 1878. பஞ்சத்தில் அனாதையான பிள்ளைகளின் பட்டியல். இங்கிலீஷ் வரிகளுக்குக் கீழே அப்பா தமிழில் எழுதியிருந்தார்.

‘பையன், வயது ஏழு, செங்கல்பட்டுச் சாலையில் கிடைத்தவன். பெற்றோர் தெரியாது. இட்ட பெயர் ஐசக் பென்ரோஸ். பையன், வயது ஐந்து, துறைமுகத்தருகே கிடைத்தவன். பெற்றோர் தெரியாது. இட்ட பெயர் மத்தேயு பென்ரோஸ். இருவரையும் ஆதரிப்பவர் சீமையிலுள்ள திருமதி பென்ரோஸ்.’

அடியில் பென்சிலால் இரண்டே வார்த்தைகள்: ‘சகோதரர் அல்லர்.’ தேதி, ஆறு வருஷத்துக்கு முந்தையது.

அவள் வராண்டாவின் மறுகோடிக்குப் போய் அம்மாவுக்குப் போன் செய்தாள்.

“அம்மா, அந்த விடுதிப் பேப்பர்...”

ரத்தினபாய் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். பின்னால் யாரோ நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம்.

“பாத்துட்டியா? அன்னிக்கு வந்து சோறுகூடத் திங்கல. ‘நமக்குன்னு யாருமில்ல ரத்தினம், யாரோ ஒரு அம்மா பேரை வெச்சிருக்கோம்’னார்.”

“அப்புறம் எதுக்கும்மா அந்தக் கல்லறையையே கேட்டுட்டிருந்தார்?”

“நான் கேக்கலடி. அடுத்த வாரமே சுண்ணாம்பு வாங்கிட்டு அங்க போய் அடிச்சிட்டு வந்தார். என்னத்தக் கேக்கச் சொல்ற?”

“இப்ப நான் என்ன செய்யட்டும்?”

“உன் தம்பி ஆரோன், வந்திருக்கவங்க எல்லார்கிட்டயும் பழைய தோட்டம்தான்னு சொல்லிட்டிருக்கான். நீ பாத்து செய்.” போனை வைத்துவிட்டாள்.

தேவாசீர் திரும்பி வந்தார். “கெடைச்சுதாம்மா?”

ஜெராக்ஸ் அவளுடைய கைப்பைக்குள் இருந்தது.

“இல்ல அங்கிள்.”

அவர் நெற்றியைத் தேய்த்தார். “இத்தனை வருஷம் அலைஞ்ச மனுஷன். வெளியே அனுப்ப மனசு வரல. சரி, நீ மகள். ரெண்டு பேரும் கூடப்பொறந்தவங்கன்னு எங்க குடும்பத்துக்குத் தெரியும்னு எழுதிக் கையெழுத்துப் போடு. ரெஜிஸ்டர்ல ஒட்டிடறேன். நாளைக்கு எவனாவது தேடி வந்தா அதான் ரெக்கார்டு.”

ஜோசலின் பள்ளிக்கூட டீச்சர். கையெழுத்து அழகாக இருக்கும். நான்கு வரிகள் எழுதினாள். பேனா எங்கேயும் நிற்கவில்லை.

மாலை மழை வரும்போல இருந்தது. பெட்டியை ஆரோனும் இன்னும் ஐந்து பேரும் சுமந்து வந்தார்கள். “அப்பா நெனச்ச இடமே கெடைச்சிடுச்சுக்கா” என்று போகிற போக்கில் அவன் சொன்னான். கண்கள் சிவந்திருந்தன. அவள் தலையசைத்தாள்.

குழிக்குள்ளிருந்து, அதைத் தோண்டிய சேட்டு மேலே ஏறி வந்தான். மார்பு வரை மண். கையில் வெள்ளைத் துணியில் கட்டிய ஒரு மூட்டை.

“யம்மா, பழைய ஆளு எலும்பு. பொட்டி எறங்கினதும் ஓரமா வெச்சிட்லாம். அதுவரிக்கும் தரையில வெக்கக் கூடாது, சொந்தக்காரங்கதான் புடிக்கணும். நம்மாளு ஒர்த்தர் வாங்க.”

ஆண்கள் எல்லாரும் கயிற்றைப் பிடித்திருந்தார்கள். அம்மா அவளைப் பார்த்தாள். பிறகு பெட்டியைப் பார்த்தாள்.

ஜோசலின் இரண்டு கைகளையும் நீட்டினாள். ஒரு புடவைப் பொட்டலத்தின் கனம்கூட இல்லை.

“இவுரு உனுக்கு இன்னா மொறைம்மா?” என்றான் சேட்டு, கையைத் துடைத்துக்கொண்டே.

பாட்டு ஆரம்பித்தது. கயிறு நகர்ந்தது. துணியின் ஒரு முனை அவிழ்ந்து தொங்கியது. ஜோசலின் அதை உள்ளே செருகினாள். மழைத் துளி விழ ஆரம்பிக்கவும், முந்தானையை இழுத்து மூட்டையின் மேல் போட்டுக்கொண்டாள்.