மேலேயும் கீழேயும் ஒரே எண்

நேர்காணல் தொடங்கிச் சற்று நேரத்திலேயே இணைப்பு அறுந்தது. பிள்ளை வளர்க்கிறேன் என்று வருடக்கணக்கில் வீட்டோடு இருந்த என் மனைவிக்கு, வீட்டிலிருந்தே மொழிபெயர்க்கும் வேலைக்குக் கிடைத்த ஒரே அழைப்பு அது.

"என்னங்க, மறுபடியும் போயிடுச்சு!"

மேசைக்கடியில் நுழைந்து வயரைப் பிடுங்கிச் செருகினேன். எங்கள் கணினி கிழடு. வயர் இல்லாமல் அதற்கு இணையம் ஏறாது. மாடியில் அவள் அண்ணன் வீட்டு ரூட்டர்தான் இரண்டு வீட்டுக்கும். படிக்கட்டு வழியாக வயர் இறங்கி வருகிறது.

"சாரி சார், இப்ப கேக்குதா?" என்றாள். இரண்டு வாக்கியம் பேசியிருப்பாள், மறுபடி போச்சு. ஏதோ முகவரி மோதல் என்று திரை மூலையில் ஒரு பெட்டி எட்டிப் பார்த்தது. இருந்த எரிச்சலில் அதைப் படிக்காமலே மூடிவிட்டு மாடிக்கு ஓடினேன்.

மச்சான் எதிலும் என்னைப் பார்த்துத்தான் செய்வார். நான் கதவுக்குப் பச்சை அடித்தால் அடுத்த வாரம் மாடிக் கதவும் பச்சை. கணினிகூட அதே பழைய சாமான் கடையில் வாங்கிய அதே மாடல். இப்போது அதன் முன்னால் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க மாப்பிள்ளை. நேத்துதான் இதுக்கு நெட் குடுத்தேன். தலைகீழா நின்னு தண்ணி குடிச்சுப் பாத்துட்டேன், நிக்கவே மாட்டேங்குது. அணைச்சு அணைச்சுப் போட்டுட்டிருக்கேன்."

எனக்குச் சுருக்கென்றது. ரூட்டரில் சேரும் ஒவ்வொரு கணினிக்கும் தனி முகவரி எண் வேண்டும். எங்களுடையதற்குக் கடைக்காரர் கையால் போட்டுக் கொடுத்திருந்தார்.

"என்ன நம்பர் போட்டீங்க?"

பெருமையாகத் தன் ஃபோனை நீட்டினார். அதில் என் திரையின் படம். "நீங்க இல்லாதப்போ வந்து எடுத்தேன். ஒரு புள்ளி மாறல, அப்படியே போட்டுட்டேன்."

"மச்சான்! அது எங்க நம்பர்! ரெண்டும் ஒரே நம்பர்ல நின்னா ரூட்டர் யாருக்குன்னு குடுக்கும்? நீங்க போடுறப்பல்லாம் கீழே உங்க தங்கச்சிக்குக் கட் ஆகுது!"

அவர் முகம் சுண்டிப்போனது. பதறிப்போய் பிளக்கையே பிடுங்கினார்.

கீழே வந்தபோது அவள் ஹெட்ஃபோனைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"நெட் சரியில்லாதவங்களுக்கு இந்த வேலை ஒத்து வராதாம்."

"எல்லாம் உங்கண்ணன் பண்ணின வேலை!" என்று கத்தினேன். அவள் திரையைக் காட்டினாள். மச்சானிடமிருந்து மெயில். காலையிலிருந்து முட்டி மோதி, கடைசியாக எங்களுக்கு நெட் போன அந்த இடைவெளியில் கிளம்பி வந்திருந்தது.

'தைரியமா பேசும்மா. நேர்ல வந்தா நீ பதறுவேன்னுதான் இதுல எழுதுறேன். நடுவுல நெட் கட்டானாலும் பயப்படாதே. அண்ணன் மேலதான் இருக்கேன்.'

வாசலில் செருப்புச் சத்தம். மச்சான் உள்ளே வரத் தயங்கி நின்றார். "என்னம்மா ஆச்சு?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"நல்லா பேசினேண்ணே. சொல்லி அனுப்புறாங்களாம்."

நான் பல்லைக் கடித்துக்கொண்டு மேசைக்கடியில் போய் அந்த வயரைச் சுருட்ட ஆரம்பித்தேன்.