துடக்கு இல்லாத ரயில்

சுவிஸின் சூரிச் நிலையத்தில் கூர் நகருக்குப் போகும் ரயிலில் காலை வைத்த சிவதர்சினியை, "நில்லடி தர்சினி!" என்ற குரல் பிடித்து நிறுத்தியது. திரும்பினால் மச்சாள். கணவன் பாலேந்திரனின் தமக்கை சுகந்தி, பக்கத்து ஓர்லிகோனிலிருந்து வீட்டுச் சட்டைக்கு மேலே ஒரு கோட்டை மாட்டிக்கொண்டு ஓடி வந்திருந்தாள். எந்த ரயில் என்பதுவரை பாலேந்திரன் தமக்கைக்குப் போனில் சொல்லிவிட்டான். சொல்லாவிட்டால்தான் அதிசயம்.

விஷயம் இதுதான். கனடாவில் பாலேந்திரனின் சித்தப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். காணிச் சண்டையில் முகம் முறித்துக்கொண்ட மனுசன். உயிரோடு இருந்தபோது பாலேந்திரன் ஒரு நாளாவது சுகம் விசாரித்ததில்லை. செத்ததும் பாசம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது! முப்பத்தொரு நாள் துடக்காம், சாவுத் தீட்டாம். கோயில் இல்லை, கொண்டாட்டம் இல்லை, எங்கடின் மலைப் பயணமும் இல்லையாம். ஆஸ்பத்திரியில் நிலம் துடைத்துத் துடைத்து சிவதர்சினி எடுத்த லீவெல்லாம் கலியாணவீட்டுக்கும் செத்தவீட்டுக்குமே போயிற்று. கூரிலிருந்து மலையேறும் அந்தச் சிவப்பு ரயிலை இத்தனை வருசமும் கலண்டரில்தான் பார்த்திருக்கிறாள். தாங்கள் இருக்கும் ஓஸ்டர்முண்டிகனில், கெமைண்ட் என்கிற ஊராட்சி அலுவலகத்தில் சலுகை விலை நாள் டிக்கெட் கிடைத்ததே பெரும்பாடு. இன்றைக்கு விட்டால் இன்னொரு சாவோ சடங்கோ வந்து நிற்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"துடக்கோட ஊர் பாக்கப் போறியோ? சனம் என்ன கதைக்கும்?" என்றாள் சுகந்தி.

"கதைக்கட்டும். கோயிலுக்குத்தான் போகேலாது மச்சாள். ரயிலுக்கென்ன துடக்கு?"

"எங்கட சித்தப்பாவடி அவர்!"

"ஓம், உங்கட சித்தப்பா. உங்களைத் தோளில தூக்கித் திரிஞ்சவர். கலியாணம் கட்டிப் போனபடியா உங்களுக்குத் துடக்கில்லை. முகமே பாக்காத எனக்கு முப்பத்தொரு நாளோ? இதென்ன நியாயம்?"

சுகந்திக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த மனுசனுக்காக மெய்யாகவே அழுதவள் அவள் ஒருத்திதான். அது சிவதர்சினிக்கும் தெரியும். ஆனாலும் இறங்கவில்லை.

"உங்கட தம்பியின்ர டிக்கெட்டும் என்னட்டத்தான் கிடக்கு. ஆரும் பாவிக்கலாம். ஏறுங்கோ."

கதவு மூடும் சத்தம் தொடங்கியது. சுகந்தியின் கையில் போன் அதிர்ந்தது. தம்பி. அவள் போனைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள், "சரியான விசரி" என்று முணுமுணுத்துக்கொண்டு ஏறிவிட்டாள்.

ரயில் நகர்ந்தது. சுகந்தி பக்கத்தில் உட்கார்ந்து போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். அது விடாமல் அதிர்ந்தது. கோட்டுக் கையால் முகத்தைத் துடைத்துவிட்டு, எங்கோ பார்த்தபடி கேட்டாள்.

"போற வழியில ஏரி எந்தப் பக்கமடி வரும்?"

சிவதர்சினி அவள் எட்டிப் பார்க்கத் தோளைச் சற்றுச் சரித்து வழிவிட்டாள். யன்னலோரத்தை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.