ஒரு ஆளுக்கு இரண்டு படிவம்

வீடில்லாதவர்களை எண்ணுவதற்கு நகராட்சி வருஷத்தில் ஒரு காலைப்பொழுதை ஒதுக்கியிருந்தது. மழை வந்தாலும் அன்றுதான், காய்ச்சல் வந்தாலும் அன்றுதான். தன்னார்வலர்கள் விடிவதற்குள் படிவத்தோடு கிளம்பி, பஸ் நிலையம், பாலத்தடி, நூலக வாசல் என்று ஊரையே சலித்துவிட்டுப் பத்து மணிக்குத் திரும்பிவிடுவார்கள். அதற்கப்புறம் வருகிற தலைவலி முழுவதும் பதிவு எழுத்தராக இருந்த அவளுக்கு.

ஒரே ஆளை இரண்டு பேர் எண்ணியிருந்தால் கண்டுபிடித்து ஒன்றை அடிப்பதுதான் அவள் வேலை. படிவத்தில் பெயர் கிடையாது; பெயர் கேட்டால் பாதிப்பேர் எழுந்து போய்விடுவார்கள். முதலெழுத்து, பிறந்த வருஷம், உடம்பில் ஓர் அடையாளம், அவ்வளவுதான். கூடப்பிறந்தவளுக்கு அது போதாதா என்ன?

மூன்று வருஷமாக இந்த வேலையை அவளே கேட்டு வாங்கிக்கொள்கிறாள். வீட்டைவிட்டுப் போய் நாலு வருஷமான தம்பி இந்தப் படிவக் கட்டுக்குள் கிடைத்துவிடக் கூடாதே என்று பாதி மனசு, கிடைத்துவிட மாட்டானா என்று பாதி மனசு.

இந்த வருஷம் கிடைத்தான். அதுவும் இரண்டு முறை.

எழுத்து சரி, வருஷம் சரி, இடது புருவத்தில் வெட்டு. அந்த வெட்டு அவள் கைங்கரியம். சின்ன வயசில் ஊஞ்சலை வேகமாகத் தள்ளிவிட்டவள் அவள்தான். உயிரோடுதான் இருக்கிறான், இதே ஊரில்தான் இருக்கிறான், பாவி, ஒரு போன் பண்ணத் தோன்றவில்லையே என்று கோபம்கூட வந்தது. அப்புறம்தான் ஒன்பதாவது கேள்வியைப் பார்த்தாள்.

திரும்பிப் போக வீடு இருக்கிறதா? பஸ் நிலையத்தில் ஐந்தரை மணிக்கு எழுதியதில் 'இல்லை' என்றிருந்தது. நூலக வாசலில் எட்டரை மணிக்கு எழுதியதில் 'இருக்கிறது, அக்கா வீடு'.

இருக்கிறது என்றால் கணக்கில் வரமாட்டான். கணக்கில் வராதவனுக்கு, அடுத்த வாரம் திறக்கப்போகும் நகராட்சி விடுதியில் கட்டில் கிடையாது. எது உண்மை என்று விசாரித்து மற்றதை அடித்துவிடு என்று மேலதிகாரி சுலபமாகச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

நூலகப் படிவத்தை எழுதியவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். தன்னார்வலர்களுக்குக் கொடுத்த மேலங்கியைத் திருப்பிக் கொடுக்க வந்தவரைப் பிடித்துக்கொண்டாள். தன் தம்பி என்று சொல்லவில்லை, எந்த முகத்தோடு சொல்வாள்? காலையிலேயே ஒரு பெண் தன்னை எழுதிக்கொண்டு போய்விட்டதாக அவனே சொன்னானாம். பிறகு எதற்கப்பா மறுபடியும் என்று கேட்டால், எழுதியே ஆக வேண்டும் என்று கெஞ்சியிருக்கிறான்.

"'தூக்கத்துல வீடு இல்லைன்னு சொல்லிட்டேன் சார், அப்புறம் மனசு கேக்கல. அக்கா இருக்கும்போது வீடு இல்லைன்னா அவளுக்கில்ல கெட்ட பேரு'ன்னான். கட்டில் கிடைக்காதுப்பான்னு சொல்லிப் பாத்தேன். பரவால்லன்னுட்டான்."

இளைத்திருக்கிறானா என்று கேட்டாள். டிரைவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார்.

"இருமல்தாம்மா ஜாஸ்தி," என்றார்.

வெளியே போய்க் கணவனுக்குப் போன் பண்ணினாள். எத்தனை நாளைக்கு இப்படியே இருப்பதாக உத்தேசம் என்று அன்றைக்குத் தம்பியைக் கேட்டது அவன்தான். ஆனால் பக்கத்திலேயே நின்று வாயைத் திறக்காமல் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் அவள். தம்பியை வாசல் தாண்ட வைத்தது அதுதான் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

கணவன் சத்தம் போடவில்லை. "வரச் சொல்லேன், நானா வேணாங்கறேன்? எங்க படுக்க வைப்பே, அதை மட்டும் சொல்லு."

ஹாலில் மாமனார் படுக்கையாகக் கிடந்தார். அவர் கட்டிலுக்குக் கீழே கணவன். உள்ளே பரீட்சைக்குப் படிக்கிற இரண்டு பெண்கள், நடுவில் அவள். நின்ற இடத்திலேயே மனசுக்குள் பீரோவை நகர்த்தினாள், தையல் மிஷினைச் சமையலறைக்குத் தள்ளினாள். குட்டிக்கரணம் போட்டும் ஒன்றரை அடிக்கு மேல் கிடைக்கவில்லை. ஆறடி மனுஷனை, அதுவும் இருமலோடு, அதில் எப்படிப் படுக்க வைப்பாள்? எப்படியாவது சமாளிக்கலாம் என்றுதான் போன தடவையும் சொன்னாள். அது ஆறு மாதம் தாங்கியது.

ஆனாலும் ஆசை விடவில்லை. வந்துவிடேன்டா என்று தெருவைப் பார்த்துக் கத்த வேண்டும்போல் இருந்தது. சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு, பசிக்குதுக்கா, எவ்வளவு நேரம் என்று அவன் அதட்டுவதை ஒரே ஒரு தடவை கேட்டால் போதும் என்று ஏங்கினாள். அழுது முடித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தாள்.

நூலகப் படிவத்தை எடுத்து, 'இருக்கிறது, அக்கா வீடு' என்பதன் குறுக்கே சிவப்புக் கோடு இழுத்தாள். காரணம் எழுதாமல் அடிக்கக் கூடாது. 'அக்கா வீட்டில் இடமில்லை. அக்காவை விசாரித்து உறுதி செய்யப்பட்டது' என்று எழுதி மேலதிகாரியின் மேஜையில் வைத்தாள்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். அந்த அம்மா நாளைக்கு நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று வந்து நின்றால் நம் தலைதான் உருளும், கையெழுத்து வாங்கிவிட்டாயா என்று கேட்டார்.

"இல்லை சார், இதோ," என்று படிவத்தைத் தன் பக்கம் திருப்பி, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அக்கா என்ற இடத்துக்கு நேரே அவள் கையெழுத்துப் போட்டாள்.